பக்கத்தின் அடியில் ஒன்பது பெயர்கள்

எங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில், ஆக அடியில், ஒன்பது பெயர்கள் இருந்தன. என் பெயர் இரண்டாவது. அந்த ஒன்பது பேரில் மூன்று பேர் ஒரு வரிகூட எழுதியவர்கள் இல்லை. அவர்களில் ஒருவர் கூட்டத்துக்குத் தேங்காய் பன் வாங்கி வந்தவர். அவர் பெயர் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை, பன் நன்றாகவே இருக்கும். ஆனால் கையேட்டின் உயிரான பாகத்தைச் சொல்லிக்கொடுத்தவரின் பெயர் அங்கே இல்லை. இரண்டு வருஷம் அதை நான் கவனிக்கவே இல்லை. அந்தப் பக்கத்தைத் தினமும் திறந்து மூடியவள் நான்தான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சுடுகிறது.

என்ன கையேடு என்று சொல்லிவிடுகிறேன். தோட்டத்து மோட்டாரைப் போனிலிருந்தே போட்டு நிறுத்துவதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டால், தண்ணீர் இறங்கி மோட்டார் காற்று இழுக்கும்போது பெட்டி தானே மோட்டாரை நிறுத்திவிடும், போனுக்குச் செய்தியும் வரும். யாருக்கும் சொந்தமில்லாத மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதியது. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு கையேடு இருந்தது. வீட்டுத் தோட்டத்தில் ரோஜாவுக்குத் தண்ணீர் விடுகிறவர்களுக்காக எழுதப்பட்டது அது. ஆயிரம் அடி போர்வெல், மூன்று ஃபேஸில் ஒரு ஃபேஸ் எப்போது போகும் என்று தெரியாத கரண்ட், இதெல்லாம் அதில் கிடையாது.

எனவே நாங்கள் கோயமுத்தூரில் ஒரு குழுவாகச் சேர்ந்து, தமிழில், நம் ஊர் மோட்டாருக்கு ஒரு கையேடு எழுதத் தொடங்கினோம். ஒருங்கிணைக்கிற வேலை எனக்கு. இருபது வருஷம் ஒரு கம்பெனியில் இயந்திரங்களுக்கு ஆங்கிலத்தில் கையேடு எழுதியவள் நான். வேலையை விட்டு வீட்டில் இருந்தேன். கை அரித்துக்கொண்டிருந்தது. மாதம் இரண்டு ஞாயிறு, பீளமேட்டில் ஒரு கல்லூரி வகுப்பறை, காலை பத்து மணி. குழுவுக்குத் தலைவர் மாதிரி ஒருவர் இருந்தார். சரவணம்பட்டியில் சொந்தமாக மென்பொருள் கம்பெனி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. எல்லோரும் அவரைச் சார் என்போம். பெயர்ப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

மோட்டார் பற்றிய பாகத்தை எழுத எங்களில் ஒருத்தருக்கும் தகுதி இல்லை என்பது இரண்டாவது கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது. பொறியியல் படித்தவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். மோட்டார் எதனால் கருகுகிறது என்று கேட்டால் ஐந்து பேரும் ஐந்து விதமாகப் பேசினார்கள். என் வீட்டுக்காரரின் தோட்டம் கருமத்தம்பட்டியைத் தாண்டி இருக்கிறது. மோட்டார் கருகினால் சோமனூருக்குத்தான் கொண்டுபோவோம். அங்கே ஓர் அம்மா வைண்டிங் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பியைக் கையால் சுற்றி மோட்டாருக்கு உயிர் கொடுக்கிற வேலை. என்னைவிடப் பத்து வயது சின்னவர். பெற்றவர்கள் இருவரும் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். பத்தாவது முடித்ததும் கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்து, கம்பிச் சுருளான காயில் சுற்றக் கற்றுக்கொண்டு, பிறகு சொந்த ஊரில் தனியாகக் கடை போட்டவர். கருகின மோட்டாரைத் திறந்து பார்த்தாலே, அது ஃபேஸ் போய்க் கருகியதா, காற்று இழுத்துக் கருகியதா, மண் ஏறிக் கருகியதா என்று சொல்லிவிடுவார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க இதையெல்லாம் சொன்னா நாங்க எழுதிக்கிறோம்" என்று நான்தான் போய்க் கேட்டேன்.

"எனக்கு எழுதறதுக்கெல்லாம் நேரமில்லீங்க மேடம். வேணும்னா வேலை செஞ்சுக்கிட்டே பேசி அனுப்பறேனுங்க" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரத்தில் இரண்டு மூன்று குரல் பதிவுகள் என் போனுக்கு வரும். பின்னால் பக்கத்துக் கட்டடத்துத் தறிச் சத்தம் சடக் சடக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் மூன்று தடவையாவது கேட்டால்தான் முழுசாகப் பிடிபடும். கேட்டு, எழுதி, நாலைந்து சேர்ந்ததும் கையேடு இருந்த இணையத் தளத்தில் ஒரு பதிவாக ஏற்றுவேன். எந்த வரியை யார் எப்போது ஏற்றினார் என்பதை அந்தத் தளம் தானே பதிந்து வைத்துக்கொள்ளும். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் எழுதியவர் என்பது எங்கள் உலகத்துக் கணக்கு. குழுவில் எல்லோருக்கும் தளத்தில் கணக்குத் திறந்து கொடுத்தேன். பன் வாங்கி வந்தவருக்கும்கூட. சோமனூர்க்காரருக்கு மட்டும், "நீங்க பேசுங்க போதும், ஏத்தறதை நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஒருவர் சொல்லி இன்னொருவர் ஏற்றினால், சொன்னவர் பெயரையும் அந்தப் பதிவின் அடியில் ஒரே ஒரு வரியில் சேர்க்க வழி உண்டு. அது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். அந்த ஒரு வரியை அடிக்க நான் ஒரு நாளும் மெனக்கெடவில்லை.

இங்கே எங்கள் ஊர் மரியாதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் மேல் எனக்குப் பெருமைதான். ஆனால் கையேடு எழுதுகிற வேலைக்கு அதைப்போல ஒரு கேடு இல்லை. ஒரு பாகத்தை எழுதிப் படித்துக் காட்டினால், இது தப்பு, இது புரியவில்லை, இது வளவளவென்று இருக்கிறது என்று யாராவது சொல்லவேண்டும். எங்கள் வகுப்பறையில் ஒருவர் வாயிலிருந்தும் அது வராது. "நல்லா இருக்குங்க" என்பார்கள். புரியாத பக்கமும் நல்லா இருக்கும், தலைகீழாக ஏற்றிய படமும் நல்லா இருக்கும். முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூடாது. ஒரு தடவை நான் வேண்டுமென்றே ஒரு பத்தியை இரண்டு முறை ஒட்டிவைத்தேன். அதுவும் நல்லாவே இருந்தது.

சாருக்கு மட்டும் அபிப்பிராயங்கள் உண்டு. ஒரு ஞாயிறு, மோட்டார் தானே நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பக்கத்தைப் படித்துக் காட்டினேன். சோமனூர்க்காரர் பேசி அனுப்பியிருந்தது இதுதான்: "பெட்டி மோட்டாரை நிறுத்திப்போட்டா, போன்ல திருப்பிப் போடாதீங்க. தோட்டத்துக்குப் போயி என்ன ஏதுன்னு பாருங்க. சூடு ஆறாம போட்டா காயில் போயிருமுங்க." நான் அதை அப்படியே எழுதியிருந்தேன்.

சார் நெற்றியைச் சுருக்கினார். "இது நெகட்டிவா முடியுதுங்களே. போன்ல போட முடியாதுன்னா அப்புறம் எதுக்குங்க இந்தப் பெட்டி? ஒரு மூணு தடவை போட்டுப் பாக்கலாம், அப்பறம் நேர்ல போலாம்னு மாத்திக்கலாமுங்களே."

எல்லோரும் நல்லா இருக்குங்க என்றார்கள். நான் மாற்றினேன். 'மூன்று முறை வரை மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். அதன் பிறகும் நின்றால் நேரில் சென்று பார்க்கவும்.' வாக்கியம் ஓட்டமாக இருந்ததில் எனக்குக் கொஞ்சம் திருப்திகூட. முறைப்படி சோமனூருக்கும் அனுப்பினேன். இரண்டு கை கூப்பிய படமும் "நல்லா இருக்குங்க மேடம்" என்ற பதிலும் வந்தன.

கையேடு நன்றாகப் போனது. பல்லடத்திலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் ஆட்கள் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். சார் ஒரு மேடையில் அதைப் பற்றிப் பேசி ஒரு கேடயமும் வாங்கினார்.

இந்த வருஷம் மாசி மாதத்தில், ஒரு மத்தியானம், எனக்கு ஒரு போன் வந்தது. ஒரு தொழிற்பயிற்சி மையத்தின் பொறுப்பாளர். பெண்களுக்கு மோட்டார் வைண்டிங் வகுப்பு தொடங்குகிறார்களாம், கற்றுக்கொடுக்க ஆள் தேடுகிறார்களாம்.

"மேடம், உங்களுக்கு ஒரு விஷயம் தெரியப்படுத்தோணும்ங்க" என்றார், ரொம்பப் பணிவாக. "சோமனூர்ல இருந்து ஒரு அம்மா இன்டர்வியூக்கு வந்தாங்க. சர்டிபிகேட் எதுவும் இல்லீங்க. நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு கேட்டா, மோட்டார் கையேடு நான்தான் சொல்லி எழுதுனதுங்கறாங்க. நாங்க அங்கயே திறந்து பாத்தோம். பூராப் பக்கத்துலயும் உங்க பேருதான் இருக்குது. அவங்க பேரு மருந்துக்கும் இல்லீங்க. ஏம்மா இப்படிப் பொய் சொல்றீங்கன்னு கேட்டு அனுப்பிச்சுட்டோம். உங்க உழைப்பை இப்படி நாலு எடத்துல சொல்லிட்டுத் திரிஞ்சா உங்களுக்குத்தான் கெட்ட பேருங்க. கொஞ்சம் பாத்துக்கோங்க."

அந்த அம்மா சொன்னது பொய்யில்லை, அவர்தான் சொன்னார், நான் டைப் அடித்தேன், அவ்வளவுதான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே குரல் உயர்ந்துவிட்டது. அவர் பதறிப்போய், "அப்படீங்களா, அப்படீங்களா" என்றார். அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டேன். நான்கு பேராம். நான்கு பேர் உட்கார்ந்து, இருபது வருஷமாகக் காயில் சுற்றுகிற ஒருத்தரை, என் பெயரைக் காட்டிப் பொய்க்காரி ஆக்கி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு ஆதாரத்தை ஒரு பக்கம் விடாமல் தயார்செய்து கொடுத்தவள் நான்.

அந்த இன்டர்வியூ நடந்து பத்து நாள் ஆகியிருந்தது. அந்தப் பத்து நாளில் சோமனூரிலிருந்து எனக்கு இரண்டு குரல் பதிவுகள் வந்திருந்தன. மழைக்கு முன்னால் ஸ்டார்ட்டர் பெட்டியில் எதைப் பார்க்கவேண்டும் என்பதைப் பற்றி. இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தேன். மோட்டார் பாகம் முழுவதற்கும் அவர்தான் ஆசிரியர் என்று மாற்றவேண்டும், இன்றைக்கே, இப்போதே என்றேன். சார் சிரித்தார். கோபமாக இருப்பவர்களைப் பார்த்து எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"நம்ம யாருங்க பேருக்காகச் செய்யறோம்? சேவைங்க இது" என்றார்.

"அப்ப மொதப் பேரு உங்களுதை எடுத்துப்போடலாமுங்களா?" என்றேன்.

பன் சுற்றியிருந்த காகிதத்தை யாரோ கசக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. சாரின் காது மடல் சிவந்தது. ஆனாலும் மரியாதை குறையவில்லை. "அதில்லீங்க. அந்தப் பொண்ணு சொல்லுச்சு, நீங்க எழுதுனீங்க. சொல்றதும் எழுதறதும் ஒண்ணாகுங்களா? எழுதறதுல உங்க மூளை எவ்வளவு இருக்குது."

"உங்க ஆபீஸ்ல நீங்க சொல்லச் சொல்ல ஒருத்தர் லெட்டர் அடிக்கறாங்களே, அந்த லெட்டர் அவங்க எழுதுனதுங்களா, நீங்க எழுதுனதுங்களா?"

பதில் இல்லாதபோது விதி வந்துவிடும். தளத்தில் கணக்கு இல்லாதவரை ஆசிரியராகப் போட விதியில் இடமில்லையாம். பழைய பதிவுகளைத் தொடக் கூடாதாம். வேண்டுமானால் அடியில், 'உதவிய தொழிலாளர்களுக்கும் நன்றி' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாமாம். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நல்லா இருக்குங்க என்று ஒருத்தர் சொல்லியே விட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவினாசி ரோட்டில் வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போது ஹெல்மெட்டுக்குள் சத்தமாகத் திட்டிக்கொண்டே போனேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

திங்கள்கிழமை காலையில் கணினி முன்னால் உட்கார்ந்தேன். ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் தளத்தின் சாவி என்னிடம் இருந்தது. பழைய பதிவுகளைத் திருத்தி எழுதுவது எங்கள் ஆட்களிடையே பெரிய குற்றம். ஒவ்வொருவரும் தன் கணினியில் வைத்திருக்கிற பிரதி எதனோடும் ஒத்துப்போகாமல் நிற்கும், எல்லோரும் முதலிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். இறக்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். முதல் பதிவைத் திறந்தேன். ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயரை அழித்தேன். அவர் பெயரை அடிக்கவேண்டும்.

என் விரல் அங்கேயே நின்றுவிட்டது. அவர் பெயர் எனக்குத் தெரியாது.

போனை எடுத்துப் பார்த்தேன். 'வைண்டிங் சோமனூர்' என்று சேமித்து வைத்திருந்தேன். இரண்டு வருஷம், இருநூறுக்கும் மேல் குரல் பதிவுகள். அம்மணி என்று நான் கூப்பிடுவேன், மேடம் என்று அவர் கூப்பிடுவார். எங்கள் ஊரில் அது வெகு சௌகரியம். ஒருவருடைய பெயரைத் தெரிந்துகொள்ளாமலே ஆயுசுக்கும் பாசமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கலாம். கண்ணு என்போம், அம்மணி என்போம், குரலில் அன்பு வழியும். முந்தின நாள் சாரைப் பார்த்து அவ்வளவு கத்தினேனே, சாருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் அந்தப் பொண்ணு என்றார், நான் அம்மணி என்றேன். என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையில் இருந்த டம்ளரைத் தள்ளிவிட்டேன், எவர்சில்வர் என்பதால் உடையவில்லை.

கூப்பிட்டேன். தறிச் சத்தத்துக்கு நடுவே, "சொல்லுங்க மேடம்" என்றார்.

"உங்க முழுப் பேரு என்னங்க?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க மேடம்?"

"நீங்க சொன்ன பக்கத்துல எல்லாம் உங்க பேரைப் போடறதுக்குங்க. மொதல்லயே போட்டிருக்கோணும். போடாம விட்டது என்ர தப்புங்க. உங்களை அங்க பொய் சொல்றீங்கன்னு சொன்னாங்கன்னு கேள்விப்பட்டனுங்க."

பெயரைச் சொன்னார். ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பிச் சொன்னார். "இனிஷியல் ரெண்டு இருக்குதுங்க. ரெண்டையும் போடோணும்ங்க" என்றார். போட்டேன். மத்தியானச் சாப்பாட்டை மறந்து, நாற்பத்துச் சொச்சம் பதிவுகளிலும் போட்டேன். முதல் பக்கத்தின் அடியில் ஒன்பது பெயர்கள் பத்தாயின, புதுப் பெயர் முதலில்.

சாயங்காலம் சாரின் போன் வந்தது. "எல்லாத்தையும் கெடுத்துப்போட்டீங்களே. பேசி முடிவு பண்ணியிருக்கலாம்ங்க" என்றார். பேசித்தான் பார்த்தேனே என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் பேசுவதில்லை. எனக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

பயிற்சி மையத்துக்கும் கூப்பிட்டேன். இப்போது திறந்து பாருங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் சோமனூர் அம்மாவின் பெயர் இருக்கிறது என்றேன். அந்தப் பொறுப்பாளர் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். "உங்க பெருந்தன்மைங்க மேடம். தன்னோட உழைப்பை இன்னொருத்தருக்குத் தூக்கிக் குடுக்க யாருக்குங்க மனசு வரும்!" எவ்வளவு சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. நான் எழுதியதற்கு இரக்கப்பட்டு அந்த அம்மா பெயரைப் போட்டிருக்கிறேன் என்றே முடிவுகட்டிவிட்டார். இந்தத் தடவைக்கு ஆள் எடுத்தாயிற்றாம், அடுத்த தடவை பார்க்கலாமாம். பொய்க்காரி என்று சொன்னவர்கள் இப்போது அவரைப் பிச்சை வாங்கியவர் ஆக்கிவிட்டார்கள்.

அதை நேரில் சொல்வதற்காக மறுநாள் சோமனூர் போனேன். கடை ஒற்றை ஷட்டர் அகலம்தான். வார்னிஷ் வாசனை. அவர் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் செம்புக் கம்பிச் சுருளை வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். வேலை கிடைக்கவில்லை என்றேன். "தெரியுமுங்க" என்றார். அந்த ஆள் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடி சுற்றத் தொடங்கியது.

"என்ர பேரு எப்படி இருக்குதுன்னு காட்டுங்க" என்றார்.

காட்டினேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். பெயரைப் பார்த்தார். ரெண்டு இனிஷியலையும் பார்த்தார். பிறகு பக்கங்களைத் திறந்து படிக்கத் தொடங்கினார். இரண்டு வருஷத்தில் அவர் அந்தக் கையேட்டை முழுசாகப் படிப்பதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு பக்கத்தில் நிறுத்தினார். முகம் மாறிவிட்டது.

"மூணு தடவை போட்டுப் பாக்கலாம்னு என்ர பேர்ல போட்டிருக்கீங்க."

எனக்குப் புரிந்துவிட்டது.

அவர் எழுந்துபோய், கடையின் மூலையில் கருகிக் கிடந்த மோட்டார்களில் ஒன்றைக் காலால் தள்ளினார். "இது வாகராயம்பாளையத்துக்காரருது. மூணு தடவை போட்டிருக்காரு. ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்கன்னா, புஸ்தகத்துல இருக்குது அம்மணிங்கறாரு. அதா, அது தெக்கலூர். அவரும் மூணு தடவை. இந்த ரெண்டு வருஷத்துல எத்தனை வந்துதுன்னு நான் எண்ணலை. என்ர வாயில வந்த பேச்சாங்க இது? நான் போடாதீங்கன்னு சொன்னேன். போடாதீங்கன்னு சொன்னதைப் போடுங்கன்னு மாத்திப்போட்டு, இப்ப என்ர பேரையும் எழுதி வெச்சிருக்கீங்க!"

இரண்டு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"அன்னைக்கு அனுப்பிச்சனே, நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களே" என்றேன். கேட்டிருக்கவே கூடாத கேள்வி.

"அப்ப அது உங்க புஸ்தகங்க. உங்க ஊட்டுல வந்து நான் எப்படிங்க குத்தம் சொல்றது? இப்ப என்ரது. என்ர பேர்ல தப்பு இருந்தா நான் சொல்லாம யாருங்க சொல்றது?"

எனக்கு என் மேலும் சார் மேலும் அந்த வகுப்பறை மேலும் வந்த கோபம் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. நாங்கள் எதை விட்டோம் என்று அப்போதுதான் தெரிந்தது. விட்டது பெயரை மட்டும் இல்லை. தப்பு என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆளின் வாயை நாங்கள் மரியாதையாக அடைத்துவைத்திருந்தோம். அதற்கு மோட்டார்கள் கருகின. கருகியதை அவரே சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே அவருடைய போனில் அவருக்குக் கணக்குத் திறந்தேன். "சொல்லுங்க, நான் மாத்திடறேன்" என்று பழக்கதோஷத்தில் கையை நீட்டினேன். அவர் போனைக் கொடுக்கவில்லை.

"நானே அடிச்சுக்கறேனுங்க."

ஒற்றை விரலால், நிதானமாக அடித்தார். வார்னிஷ் கறை படிந்த விரல். என்னுடைய அந்த ஓட்டமான வாக்கியத்தை அழித்தார். 'திருப்பிப் போடாதீங்க. தோட்டத்துக்குப் போய்ப் பாருங்க' என்று எழுதினார். எந்த மாற்றம் செய்தாலும் ஏன் செய்தோம் என்று ஒரு வரி எழுதச் சொல்லி அந்தத் தளம் கேட்கும். என்ன எழுதுவது என்று என்னைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அடித்து முடித்து, ஏற்றிவிட்டு, கம்பிச் சுருளை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

இந்தப் பக்கங்களில் நான் யார் பெயரையும் எழுதவில்லை. எழுத ஆரம்பித்தால் எல்லோரையும் எழுதிவிடுவேன், அவ்வளவு கோபம் இன்னும் இருக்கிறது. அவருடைய பெயர் இருக்கவேண்டிய இடம் கையேடு, அங்கே இருக்கிறது. வீட்டுக்கு வந்து அந்தப் பதிவைத் திறந்தேன். ஆசிரியர் என்ற இடத்தில், ரெண்டு இனிஷியலோடு, அவர் பெயர். அதன் பக்கத்தில், ஏன் என்ற கேள்விக்கு அவர் எழுதியிருந்த ஒரே வரி:

'நான் இப்படிச் சொல்லலை.'